அருள்நாயகத்தின் கைக்கு வராத தண்ணீர்

2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடத்தில், பிக்கரிங்கில் வசிக்கும் லொறிச் சாரதி அருள்நாயகத்தின் கைக்குத் தண்ணீர் வருவது நின்றது. இடம், ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தின் ஆண்கள் கழிப்பறை. கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் விடுகிற குழாய்கள் அங்கே நான்கு இருந்தன. நான்கும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு வந்தது. அந்த வகைக் குழாய்கள் எல்லோரையும் சிலவேளை அப்படித்தான் நடத்தும் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுக்காமல், கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனார். அங்கே அவருக்குப் பொன்னாடை போர்த்தக் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து குசினிக் குழாயைத் திறந்தபோதும் வரவில்லை. மனைவி பேர்ணடெற் திறந்தாள், வந்தது. அவர் கையை நீட்டினார், நின்றது. கிளாஸில் பிடித்து மேசையில் வைத்தாள். அவருடைய விரல் பட்டதும் கிளாஸ் காய்ந்துபோனது, அடியில் ஈரம்கூட இல்லை. கடைசியில் அவள் செம்பை எடுத்து மேலேயிருந்து ஊற்ற, அவர் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, குனிந்து குடித்தார். அப்படி மட்டும் வந்தது. அப்படிக் குனிந்து குடிப்பதை இருவரும் சிறுவயதில் ஊரில் பார்த்திருக்கிறார்கள். அன்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுக்கப் போனார்கள்.

நகரசபையிலிருந்து ஒருவர் வந்து மீற்றரைப் பார்த்தார், அழுத்தம் சரி என்றார். குழாய் திருத்துபவர் வந்து, ஏழு வருடம்கூட ஆகாத வீட்டில் பிழை எதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பில் நீர் குறைவாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்றார். மகள் ஸ்டெபனி ஸ்ரோ வைத்துக் கொடுத்துப் பார்த்தாள், காற்றுத்தான் வந்தது. "அப்பா, திஸ் இஸ் நொட் நோர்மல். நீங்கள் ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பாக்கோணும்," என்றாள். எந்த உறுப்புக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று அவளுக்கும் தெரியவில்லை. நவம்பர் மழையில் அவரை வாசலில் நிறுத்தியும் பார்த்தார்கள். தலையில் பெய்தது, தோளில் பெய்தது, உள்ளங்கையை நீட்டினால் அந்த இடத்தில் மட்டும் பெய்யவில்லை. டிசம்பரில் நத்தார் வருவதற்கிடையில் வீடு பழகிவிட்டது. சிங்குக்குப் பக்கத்தில் ஒரு செம்பு நிரந்தரமாக வந்து குந்தியது. பேர்ணடெற் வேலைக்குப் போகுமுன் மூன்று தரமும் வந்தபின் நான்கு தரமும் ஊற்றினாள்.

இதற்கு என்ன காரணம் என்று அருள்நாயகத்துக்கு முதல் நாளே தெரியும். அவர் தீவுப் பக்கத்தில் பூவரசங்குடா என்ற கத்தோலிக்க ஊரைச் சேர்ந்தவர். ரொறன்ரோவில் ஊருக்கு ஒரு சங்கம் உண்டு, சங்கத்துக்கு ஒரு மலர் உண்டு, மலருக்கு ஓர் ஊர் வரலாறு கட்டாயம் உண்டு. எந்த ஊரின் மலரைப் பிரித்தாலும் ஊர் தொன்மையானது, மக்கள் உபசரிப்பில் பேர்போனவர்கள், தண்ணீர் தேன்போல இனிப்பது. பூவரசங்குடாச் சங்கத்துக்கு இருபத்தைந்து வயதானபோது தலைவர் றெமிஜியஸ், வீடு விற்றுக் கொடுப்பவர், அருள்நாயகத்துக்கு ஃபோன் எடுத்தார். "எங்களுக்குள்ளை உனக்குத்தான் எழுத வரும். ஊர் வரலாறு பத்துப் பக்கம் வேணும். ஓகஸ்ட் முடிய முதல் தந்திடு," என்றார். அருள்நாயகம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தோனியார் கோவிலில் தொடங்கினார். இரண்டாம் பந்தியில் கிணறு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தொடங்கினார். பள்ளிக்கூடம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பெருநாளில் தொடங்கினார். பெருநாள் சமையலுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். சுற்றிலும் உப்புத் தண்ணீர் உள்ள தீவில் அது ஒன்றுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. எந்த ஒழுங்கையால் நடந்தாலும் அங்கேதான் போய் முடிந்தது.

அந்தக் கிணற்றில் கடைசி ஒழுங்கையில் இருந்த பதின்மூன்று குடும்பங்கள் அள்ளக்கூடாது. அவர்கள் குடத்தோடு வந்து தள்ளி நிற்பார்கள். அள்ளக்கூடியவர்கள் யாராவது வந்து, தங்களுக்கு அள்ளி முடித்து, மனம் வந்தால் ஊற்றிவிடுவார்கள். தாகம் என்றால் கையை ஏந்திக் குனியவேண்டும். இரண்டு பகுதியும் ஒரே அந்தோனியாரைத்தான் கும்பிட்டார்கள், பூசையில் ஒரே சுவாமியாரிடம்தான் நன்மை அப்பம் வாங்கினார்கள். சாதி என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்லவேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை, கிணறு சொல்லிக்கொண்டிருந்தது. அருள்நாயகம் கொப்பியை மூடினார். மூன்று கிழமை மூடியபடியே கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு ஹேட்லி நினைவுக்கு வந்தது. அது அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கவுன்ரி, எங்கள் மாவட்டம்போல. கார் உதிரிப்பாகங்களை ஏற்றிக்கொண்டு பதினொரு வருடமாக அங்கே போய்வந்தார். இறக்கி முடிக்க நான்கு மணித்தியாலம் எடுக்கும். கிட்டங்கிக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட நூதனசாலை ஒன்று இருந்தது. அங்கே கவுன்ரியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதன்படி, ஹேட்லியில் 1884இல் ஒரு காணி வழக்கில் கோவேறு கழுதை ஒன்று சாட்சி சொன்னது, நீதிபதி அதை நம்பித் தீர்ப்பும் எழுதினார். ஒரு தையற்காரியின் கூரையில் மட்டும் நாற்பது நாள் மழை பெய்தது, அவள் வரி கட்டாமல் விட்ட வருடத்தில் அல்ல, கட்டிய வருடத்தில். அணை கட்டியபோது ஏரிக்குள் போன தேவாலயத்தின் மணி, கவுன்ரியில் பிள்ளை பிறந்தால் தண்ணீருக்குள் இன்னமும் அடிக்கிறது. அருள்நாயகம் அந்தப் புத்தகத்தைப் பலதரம் படித்திருந்தார். ஓர் ஊர் தன்னைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பொறாமையாக இருந்தது.

கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஏமஸ் என்ற கறுப்பினத்தவர், அருள்நாயகத்தின் வயதுக்காரர், ஒருநாள் அவர் கையில் அந்தப் புத்தகத்தைக் கண்டு, அதில் ஊற்று இல்லை என்றார். நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு நல்ல ஊற்று இருந்ததாம். கோடையில் மற்ற நீரெல்லாம் கலங்கினாலும் அது கலங்காதாம். ஏமஸின் பாட்டியின் ஆட்கள் அதைத் தொடக்கூடாது. வெள்ளைக்காரர் யாராவது வந்து ஊற்றும்வரை நின்று, கையில் ஏந்திக் குடித்தார்கள். கழுதைக்குப் புத்தகத்தில் மூன்று பக்கம், பாட்டிக்கு ஒரு வரி இல்லை என்று அவர் கோபமில்லாமல் சொன்னார். பிறகு, உங்கள் ஊரில் இப்படி ஏதும் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்று அருள்நாயகம் சொன்னார். எங்கள் தீவில் எல்லோரும் ஒன்று என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது காது சுட்டது அவருக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது.

ஓகஸ்ட் மாதத்தில் ஒன்பது நாளில் ஊர் வரலாற்றை எழுதி முடித்தார். கோவேறு கழுதை கழுதையாயிற்று, நீதிமன்றம் கிராமச் சங்க விறாந்தையாயிற்று. தையற்காரியின் கூரைக்கு ஓலை வேய்ந்தார். ஏரிக்குள் போன மணியைக் கடலுக்குள் இறக்கினார். அவசரத்தில் ஒரு பிழை விட்டார். ஜோர்ஜியாவின் செம்மண்ணை மாற்ற மறந்துபோனார். பூவரசங்குடா முழுக்க வெள்ளை மணல், செம்மண் என்று ஒரு பிடி கிடையாது. ஆனால் மலரை வெளியிட்ட அந்த ஒக்ரோபர் சனிக்கிழமை, விருந்து மண்டபத்தில் அதைக் கையில் எடுத்த ஒருவர்கூட அதைப் பிழை என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் அந்தச் செம்மண் காலில் ஒட்டினால் கழுவக் கழுவப் போகாது என்று எழுபது வயது அன்ரி ஒருவர் கண் கலங்கினார். பஸ்ரியன் அண்ணை மண்டபத்தின் நடுவில் எழுந்து நின்று, "அந்தக் கழுதையை எனக்குத் தெரியும். அதின்ரை வலக்காது கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்," என்றார். கடலுக்குள் மணி கேட்டவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். இதை எழுதுகிறவனும் அந்த மண்டபத்தில் இருந்தான், இவனும் கழுதையைக் கண்டதாகச் சொன்னான். கிணற்றைக் காணவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகுதான் அருள்நாயகம் கை கழுவப் போனார்.

வீட்டில் பேர்ணடெற் இருந்தாள். வழியில் யாரும் இல்லை. மிச்சிகன், ஒஹாயோ, கென்ரக்கி, ரெனஸி என்று இரண்டு நாள் ஓட்டம், போத்தல் தண்ணீர் மூடியைத் திறந்ததும் வற்றிவிடும். லொறிகள் நிற்கிற கடைகளில் காசாளரிடம் போய், தயவுசெய்து என் கையில் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று கேட்கவேண்டியிருந்தது. அவர்கள் மற்றவர்களுக்குச் சாமான் கொடுத்து முடிக்கும்வரை ஒதுங்கி நின்றார். சிலர் உடனே ஊற்றினார்கள், சிலர் மனேஜரைக் கேட்டார்கள், ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். நாக்கு ஒட்டிப்போய் ஹேட்லிக்கு வந்து சேர்ந்த ஒரு மத்தியானம் ஏமஸ்தான் தன் ஃபிளாஸ்கைத் திறந்து ஊற்றினார். அருள்நாயகம் குனிந்து குடித்தார். ஏமஸ் மூடியைத் திருகியபடி, அப்படியென்றால் உங்கள் ஊரிலும் இருந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். அருள்நாயகத்துக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் நல்லது என்றிருந்தது. ஆனால் லொறியில் சாமான் இருந்தது, இறக்கினார்கள்.

திரும்பி வந்த அன்று, பேர்ணடெற் செம்பைத் தூக்கியபோது, அவர் சைக்கிள் விஷயத்தைச் சொன்னார். 1979, சித்திரை மாதம், வெயில். அவருக்குப் பதினான்கு வயது, கையில் புது றலி சைக்கிள். கிணற்றடியில் கடைசி ஒழுங்கைப் பிள்ளை ஒன்று, பதினொரு வயது, பெயர் கிளடிஸ், குடத்தோடு நின்றது. தாய்க்குக் காய்ச்சல் என்று சொன்னது. வேறு யாரும் இல்லை. அவர் அள்ளினார். அள்ளியள்ளிச் சைக்கிளைக் கழுவினார், கம்பி கம்பியாகக் கழுவினார். கடைசி வாளியில் மிச்சம் இருந்ததை அந்தப் பிள்ளை பார்க்கப் பார்க்க நிலத்தில் கவிழ்த்துவிட்டு, "நில், ஆராவது வருவினம்," என்று சொல்லி ஏறி ஓடிப்போனார். ஏன் அப்படிச் செய்தார் என்றால், செய்யக்கூடியதாக இருந்தது, வேறு காரணம் இல்லை. பேர்ணடெற் செம்பைக் கீழே வைத்தாள். அவளுடைய ஊர் வேறு, கிணறு வேறு, ஆனால் அவள் வீட்டுக்கும் அள்ளுகிற உரிமை இருந்தது. "எனக்கு ஊத்திறது கஷ்டமில்லை. பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு," என்றாள். "போய் அவவிட்டைச் சொல்லுங்கோ."

கிளடிஸ் பிக்கரிங்கிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்தில், விட்பியில் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் தாதிகளுக்குப் பொறுப்பாக இருபது வருடம். பூவரசங்குடாச் சங்கத்தில் அவர் ஒருநாளும் சேரவில்லை, சேரும்படி யாரும் கேட்கவுமில்லை. 2024 மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள்நாயகம் அந்த வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்தவர் அவரை உடனே அடையாளம் கண்டு, பெயரைச் சொன்னார், உள்ளே வரச் சொன்னார், குசினியில் கதிரையைக் காட்டினார். அருள்நாயகம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த ஒழுங்கை ஆள் ஒருவரிடம் நீங்கள் என்று பேசினார். கிளடிஸ் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து மேசையில் வைத்தார். அவர் தொட்டார், காய்ந்தது. கிளடிஸ் ஆச்சரியப்படவில்லை, திரும்பப் பிடித்து வைத்தார். திரும்பவும் காய்ந்தது. கையில் ஊற்றினால் வரும் என்று அருள்நாயகம் மெதுவாகச் சொல்லி, கைகளை ஏந்திக் குனிந்தார்.

"எழும்புங்கோ," என்றார் கிளடிஸ். "என்ரை வீட்டிலை ஒருத்தருக்கும் கையிலை ஊத்திறேல்லை."

அருள்நாயகம் நிமிர்ந்தார். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்தார்.

"உதெல்லாம் அந்த மலரிலை எழுதினனீங்களோ?"

"இல்லை."

"அப்ப முதல் எழுதுங்கோ. ஒரு சிறுமி எண்டு போடவேண்டாம். கிளடிஸ் எண்டு போடுங்கோ. அம்மாவின்ரை பேர் திரேசம்மா. அதையும் போடுங்கோ." பிறகு, வேலைக்குப் போக நேரமாகிறது என்று சொல்லித் தன் கோட்டை எடுத்தார். அருள்நாயகம் தாகத்தோடு 401 நெடுஞ்சாலையில் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அருள்நாயகம் எழுதினார். றெமிஜியஸ் அதை அடுத்த மலரில் போட மறுத்துவிட்டார். "உதை ஏனடா இப்ப கிளறுறாய்? எங்கடை பிள்ளையளுக்கு உது தெரியவே தெரியாது. நல்லாத்தானே எல்லாரும் இருக்கிறம்," என்றார். சங்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றும், கழுதைக் கதையைப் பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அருள்நாயகம் தன் செலவில் நான்கு பக்கத்தில் அச்சடித்தார், இருநூறு பிரதி. கழுதை ஜோர்ஜியாவுடையது, மணி ஜோர்ஜியாவுடையது, செம்மண் ஜோர்ஜியாவுடையது, கிணறு எங்களுடையது என்று தொடங்கியது அது. ஏமஸின் பாட்டிக்கு ஒரு பந்தி இருந்தது. சைக்கிள் இருந்தது, கிளடிஸ் இருந்தார், திரேசம்மா இருந்தார். முதல் பிரதியை விட்பிக்குக் கொண்டுபோனார். கிளடிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் இருந்து, இரண்டுதரம் வாசித்தார். மூன்று மணித்தியாலம் நின்றதாக எழுதியிருப்பது பிழை என்றார். கோவிலில் ஆறு மணி அடிக்கும்வரை நின்றதாகவும், அதன்பிறகும் யாரும் வராததால் வெறுங்குடத்தோடு போனதாகவும் சொன்னார். அருள்நாயகம் காருக்குப் போய் மிச்ச நூற்றுத்தொண்ணூற்றொன்பது பிரதிகளையும் எடுத்து வந்து, அந்த மேசையிலேயே இருந்து ஒவ்வொன்றிலும் பேனையால் வெட்டித் திருத்தினார். அதற்கு அன்று பின்னேரம் முழுக்கச் சரியாக இருந்தது. கிளடிஸ் அதற்கிடையில் உடுப்புத் தோய்த்தார், யாரோடோ ஃபோனில் சிரித்துப் பேசினார். கடைசிப் பிரதி முடிந்ததும் ஒரு கிளாஸில் நிரம்பத் தண்ணீர் பிடித்து வைத்தார். அருள்நாயகம் தொட்டார். தண்ணீர் இறங்கத் தொடங்கி, பாதியில் நின்றது. அந்த அரைக் கிளாஸைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கிளடிஸ் தரவுமில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, அந்த வீட்டில் மட்டும், அவருக்கு அரைக் கிளாஸ் நிற்கிறது. மற்ற எல்லா இடத்திலும் ஊற்றத்தான் வேண்டும்.

யூலை ஒன்றுகூடலில், பூங்காவில், கொத்துரொட்டி வரிசையில் நின்றவர்களுக்கு அவர் பிரதிகளைக் கொடுத்தார். பலர் மடித்துப் பொக்கெற்றுக்குள் வைத்தார்கள். சிலர் வாசித்துவிட்டு, அப்படி ஒன்று தங்களுக்கு ஞாபகமில்லை என்றார்கள். பஸ்ரியன் அண்ணை, கழுதையின் காது ஞாபகம் இருந்தவர், கிணறே ஞாபகமில்லை என்றார். திங்கட்கிழமை காலை றெமிஜியஸ் முகம் வழிக்கக் குழாயைத் திறந்தார், வரவில்லை. அன்று பின்னேரம் பஸ்ரியன் அண்ணைக்கு நின்றது. ஒரு மாதத்தில் ஸ்காபரோ, ரூஜ், பிக்கரிங் என்று நாற்பத்திரண்டு வீடுகளில் நின்றது. கடைசி ஒழுங்கைக் குடும்பங்களின் வீடுகளில் குழாய்கள் வழமைபோல வருகின்றன. இப்போது நகரசபைக்கு யாரும் ஃபோன் எடுப்பதில்லை. விருந்து மண்டபத்தில் கழிப்பறை வாசலில் ஒரு ஜக்கும் ஊற்றுவதற்கு ஓர் ஆளும் வைத்திருக்கிறார்கள், அது மண்டப வாடகைக்குள் அடக்கம். விட்பிக்குப் போனவர்களுக்கும் கிளடிஸ் கிளாஸில்தான் வைக்கிறார். காய்ந்தால், வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புகிறார். எழுதியவர்களுக்குக் கால், அரை என்று நிற்கிறது. முழுக் கிளாஸ் நின்றதாக இதுவரை தகவல் இல்லை.

இதை எழுதுகிறவனுக்கு ஓகஸ்ட் எட்டாம் திகதி நின்றது. அந்தக் கிணற்றடியில் தான் செய்ததை எழுத இவன் பலதரம் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொரு தரமும் அருள்நாயகத்தின் கதைதான் வருகிறது, இன்றைக்கும் அதுதான் வந்தது. மனைவி வேலையால் வர ஐந்தரையாகும். அதுவரை குசினியில் நிற்கவேண்டும்.